தொண்டையில் காரும் எண்ணெய்

புதிதாகப் பிழிந்த நல்ல ஆலிவ் எண்ணெயை வெறுமனே ஒரு வாய் குடித்தால் நாக்கு அவ்வளவாகக் காராது. தொண்டைதான் காரும், இருமலும் வரும். எண்ணெயைச் சுவைத்துத் தரம் பிரிப்பவர்கள் அதைக் குறையாகச் சொல்வதில்லை. இருமல் வந்தால் உசத்தி.

1999இல் சமையல் அறிவியல் கூட்டமொன்றுக்காகச் சிசிலித் தீவின் எரிச்சே ஊருக்குப் போயிருந்த கேரி பீச்சம்ப் அப்படி ஒரு வாய் குடித்தார். ஃபிலடெல்ஃபியாவில் சுவையையும் மணத்தையும் ஆராயும் மோனெல் மையத்தின் அப்போதைய இயக்குநர் அவர். இபுப்ரோஃபென் கலந்த திரவ மருந்தை ஆய்வுக்காகச் சுவைத்திருந்ததால், அந்தக் காரல் அவருக்கு ஏற்கெனவே பழக்கம். வலி மருந்தும் எண்ணெயும் ஒரே இடத்தில் காருவானேன்?

அவருடைய குழு எண்ணெயிலிருந்து ஒரு சேர்மத்தைப் பிரித்தெடுத்தது. பிறகு அதையே ஆய்வகத்தில் செயற்கையாகத் தயாரித்து, காராத மக்காச்சோள எண்ணெயில் கலந்து குடித்துப் பார்த்தார்கள். அதுவும் காரியது! அந்தச் சேர்மத்துக்கு ஓலியோகாந்தல் என்று பெயரிட்டு, 2005இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள்.

அடிபட்டாலோ கிருமி புகுந்தாலோ செல்லின் சவ்விலிருந்து அராக்கிடோனிக் அமிலம் விடுபடும். காக்ஸ் என்ற நொதிகள் அதை மாற்றத் தொடங்க, கடைசியில் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாகும். ரத்தக் குழாயை விரித்து வீங்கச் செய்வதும், வலியைக் கூட்டுவதும், காய்ச்சலை ஏற்றுவதும் இவைதாம். ஆஸ்பிரின் இந்த உற்பத்தியைத்தான் தடுக்கிறது என்று 1971இல் காட்டிய ஜான் வேன், 1982இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். இபுப்ரோஃபெனும் காக்ஸைத்தான் முடக்குகிறது. மூலக்கூறின் வடிவம் வேறாக இருந்தும், சோதனைக் குழாயில் ஓலியோகாந்தல் காக்ஸ்-1, காக்ஸ்-2 இரண்டையும் முடக்கியது.

அப்படியானால் காருவதே மருந்து வேலை செய்வதன் அறிகுறியா? இல்லை. காரலை உணர்வது டிஆர்பிஏ1 என்ற வேறொரு புரதம் என்று 2011இல் தெரியவந்தது. அது தொண்டையில் மிகுதி, வாயின் முன்பகுதியில் குறைவு. நாக்கு தப்பிப்பது அதனால்தான். ஓலியோகாந்தலும் இபுப்ரோஃபெனும் அதையும் தூண்டுகின்றன, காக்ஸையும் தடுக்கின்றன. இரண்டும் தனித்தனி வேலைகள். பீச்சம்ப் பிடித்தது நல்ல துப்பு, ஆனால் கொஞ்சம் அதிர்ஷ்டமும் சேர்ந்த துப்பு.

அளவு என்ற கணக்கும் இருக்கிறது. ஆய்வாளர்களின் மதிப்பீட்டில், நாளைக்கு 50 கிராம் எண்ணெய் குடித்தால் பெரியவர்களுக்கான வலிநீக்க அளவு இபுப்ரோஃபெனில் சுமார் பத்தில் ஒரு பங்குக்குச் சமம். 50 கிராம் என்றால் 450 கலோரி. தலைவலிக்கு இது ஆகாது. ஆண்டுக்கணக்கில் உள்ளே போகும் சிறு அளவு உடலின் நீடித்த அழற்சியைத் தணிக்கலாம் என்பது நியாயமான ஊகம். சோதனைக் குழாய் முடிவை வைத்து அதை உறுதியென்று சொல்வது அவசரம்.

எல்லா ஆலிவ் எண்ணெயும் இப்படிக் காருவதில்லை. காய் பழுக்குமுன் பறித்துப் பிழிந்ததில் இந்தச் சேர்மம் கூடுதல். சுத்திகரிப்பில் பெரும்பாலும் போய்விடும். நம் கடைகளில் ‘லைட்’ என்றும் ‘போமேஸ்’ என்றும் விற்பவை பெரும்பாலும் சுத்திகரித்தவையே. அவற்றில் பொரிக்கலாம், வதக்கலாம். ஓலியோகாந்தலை எதிர்பார்த்து வாங்குவது வீண்செலவு.