வலிக் குளிசைக்கும் அளவு உண்டு

மாத்தளைத் தோட்டங்களில் கொழுந்து பறிப்பவருக்கும் வில்கமுவ வயல்களில் குனிந்து வேலை செய்பவருக்கும் மூட்டுவலி புதிதல்ல. பாமசிக்குப் போய் "வலிக்கு நாலு குளிசை குடுங்க" என்று வாங்கி விழுங்குவதும் புதிதல்ல. அது டைக்ளோபெனாக்காகவோ இபுபுரோபனாகவோ இருக்கலாம். இவை வீக்கத்தையும் வலியையும் தணிக்கும். தேய்ந்த மூட்டை வளர்க்காது. ஆகவே, குறைந்த அளவில், குறைந்த நாட்களுக்கு எடுப்பதே முறை.

எவ்வளவு எடுக்கலாம்?

வளர்ந்தவருக்கு டைக்ளோபெனாக்கின் உச்ச அளவு நாளொன்றுக்கு 150 மில்லிகிராம். அதாவது 50 மில்லிகிராம் குளிசை மூன்று. மெதுவாகக் கரையும் 100 மில்லிகிராம் குளிசையை உடைக்காமல் முழுதாக விழுங்க வேண்டும். இபுபுரோபனை வைத்தியர் சொல்லாமல் நாளொன்றுக்கு 1,200 மில்லிகிராமுக்கு மேல் எடுக்கக்கூடாது. சாப்பிட்ட பின் எடுங்கள். இரண்டையும் சேர்த்து எடுத்தால் கூடுவது சுகமல்ல, இரைப்பைப் புண்ணும் இரத்தக்கசிவும்தான். டைக்ளோபெனாக் ஊசி போட்டிருந்தால் அதுவும் அன்றைய கணக்கில் சேரும்.

யாருக்கு ஆபத்து?

இரைப்பைப் புண், இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேளாமல் தொடக்கூடாது. மாரடைப்பு, பக்கவாதம் வந்தவர்களுக்கு டைக்ளோபெனாக் ஆகாதென ஐரோப்பிய மருந்து முகவரகம் 2013இல் அறிவித்தது. லொசார்டன், எனலாபிரில் போன்ற பிரஷர் மருந்தோடு சிறுநீர் பிரியும் குளிசையும் எடுப்பவர் வலிக் குளிசையையும் சேர்த்தால் சிறுநீரகம் சட்டென்று பழுதாகலாம். காரணம் தெரியாத சிறுநீரக நோய் பரவியுள்ள வில்கமுவவில் இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகும்.

காய்ச்சலோடு உடம்புவலி வந்தால் இந்த வலிக் குளிசைகளை அறவே தவிருங்கள். டெங்குவில் இவை இரத்தக்கசிவைக் கூட்டும். எலிக்காய்ச்சலும் பெரும்பாலும் காய்ச்சலோடும் கெண்டைக்கால் வலியோடும் தொடங்கும். அது சிறுநீரகத்தைத் தாக்கும் நோய். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு அது சந்தேகிக்கப்பட்டபோது மாத்தளையும் பாதிக்கப்பட்டது. காய்ச்சலைத் தணிக்கப் பரசிற்றமோல் மட்டும் போதும். 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு எட்டைத் தாண்டக்கூடாது. மெலிந்தவர்களுக்கும் ஈரல் நோயாளிகளுக்கும் அதைவிடக் குறைவு.

என்ன கேட்கலாம், என்ன செய்யலாம்?

மருந்தின் பெயர், அளவு, எத்தனை வேளை, எத்தனை நாள் என்று கேட்பது உங்கள் உரிமை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழி. அரச வைத்தியசாலையில் விளக்கத்தைத் தமிழில் கேட்கத் தயங்காதீர்கள். பெயர் எழுதாத உறையில் குளிசை வாங்காதீர்கள். நீடித்த வலிக்கு அரச வைத்தியசாலை கிளினிக்கில் இலவசமாகக் காட்டலாம். மருந்தால் ஒவ்வாமை வந்தால் வைத்தியரிடம் சொல்லி, 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்குத் தெரிவிக்கச் சொல்லுங்கள்.

கறுப்பு மலம், இரத்த வாந்தி, சிறுநீர் குறைதல், முகவீக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் தெரிந்தால் குளிசையை நிறுத்தி உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். 1990க்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

வீட்டிலுள்ள குளிசைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு, அடுத்த கிளினிக் நாளில் வைத்தியரிடம் காட்டுங்கள். ஒரே மருந்து இரண்டு பெயர்களில் இருந்தால் அங்கேயே பிடிபட்டுவிடும்.