கொரங்காடு தெரியுமா?

கொரங்காடு என்றால் குரங்கு இருக்கிற காடு இல்லை. திருப்பூர் மாவட்டம் காங்கேயம் பக்கம் மாடு மேய்கிற புல்வெளிக்குத்தான் அந்தப் பெயர்.

காங்கேயம் ஒரு நகராட்சி. சுற்றிலும் மானாவாரி நிலம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை மறைத்துவிடுவதால் வருஷத்துக்குச் சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். அதை நம்பி நம்ம ஊர் மாதிரி நெல் நட முடியுமா? அதனால் அங்கே புல் வளர்த்து மாடு வளர்த்தார்கள்.

நிலத்தைச் சில ஏக்கராகப் பிரித்து, சுற்றிலும் கிளுவை முள்ளை உயிர்வேலியாக நடுவார்கள். உள்ளே கொழுக்கட்டைப் புல், வெள்வேல மரம். புல் காய்ந்தாலும் வேர் சாகாது. ஒரு மழை பெய்தால் துளிர்த்துவிடும். கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து தீனியாகும். ஒரு காட்டில் புல் குறைந்தால் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றுவார்கள். வேலி இருப்பதால் மேய்க்க ஆளே வேண்டாம்!

இப்படி வளர்ந்ததுதான் காங்கேயம் மாடு. பிறக்கும்போது கன்று சிவப்பாக இருக்கும். ஆறு மாதம் போனால் சாம்பல் நிறமாகிவிடும். ஏர், வண்டி, கமலை இழுக்கப் பேர்போனது.

டிராக்டரும் மோட்டாரும் வந்தபின் மாடு குறைந்தது. மாடு குறைந்ததும் கொரங்காடுகள் வீட்டுமனை ஆகின்றன. சேற்று உழவுக்குப் பேர்போன நம்ம டெல்டாவின் உம்பளச்சேரி மாட்டுக்கும் இதே கதிதான்.

2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்தில் நாட்டு மாட்டுக்காக எல்லோரும் குரல் கொடுத்தார்கள். மாடு மேயும் புல்லுக்கும் அப்படிக் குரல் கொடுக்கணும் என்பது என் கருத்து. நம்ம ஊர் மேய்ச்சல் புறம்போக்கு எங்கே இருக்கிறது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்களேன்!