இலைக்குள் ஒரு சுரங்கம்

கோலார் தங்கவயலைச் சேர்ந்த ஆண்டர்சன்பேட்டையில் நாம் உறவினர் இல்லத்தில் தங்கியிருந்தபோது, சுரங்கத்தில் உழைத்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் தம் மனக்குறையைக் கூறினார். திருப்பத்தூர்ப் பக்கம் அவருடைய தம்பி மானாவாரியாக மல்லாட்டை பயிரிட்டிருந்தார். விதைக்கான பணம் இங்கிருந்து சென்றது. பின்னர், "மழை இல்லை, கொல்லை கருகிவிட்டது" என்று செய்தி வந்ததாம். "வானம் பொய்த்தால் யார் என்ன செய்ய முடியும், ஐயா?" என்றார் பெரியவர்.

பழி முழுவதையும் வானத்தின்மேல் சுமத்துமுன், கருகிய இலை ஒன்றைப் பிரித்துப் பார்ப்பது நலம். வறட்சியோடு கைகோத்து வரும் பகைவன் ஒருவன் உண்டு. உழவர் அவனைச் சுருள்பூச்சி என்பர்.

தாய்ப்பூச்சி சுமார் 6 மில்லிமீட்டர் நீளமுள்ள சாம்பல் பழுப்பு நிற அந்துப்பூச்சி. முன்சிறகில் சிறு வெண்புள்ளி காணப்படும். அது நிலக்கடலை இலையின் அடிப்புறத்தில் முட்டைகளைத் தனித்தனியே இடும். மூன்று நான்கு நாள்களில் பொரிக்கும் புழு, இலையின் மேல்தோலுக்கும் கீழ்த்தோலுக்கும் இடையே புகுந்து, பசுமையைத் தின்றுகொண்டே சுரங்கம் தோண்டும். 3 கிலோமீட்டருக்கும் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தை அறிந்த தங்கவயல் மக்களுக்கு, ஓர் இலையின் கனத்துக்குள் அமைந்த இச்சுரங்கம் வியப்பளிக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் புழு வெளிவந்து, இலைகளை நூலால் பிணைத்துச் சுருட்டி, உள்ளிருந்தே தின்று, அங்கேயே கூட்டுப்புழுவாகும். மூன்று நான்கு வாரங்களில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். ஒரு பருவத்திலேயே பல தலைமுறைகள் தோன்றும். மிகுந்த தாக்குதலுக்கு உள்ளான வயல், தொலைவிலிருந்து தீப்பட்டதுபோல் தெரியும்.

மழை குறைந்து வெயில் நீடித்தால் இப்பூச்சி பெருகும். நல்ல மழை பெய்தால் குறையும். ஆகவேதான் உழவர் வறட்சியை மட்டுமே கண்டு பூச்சியைக் காணத் தவறிவிடுகின்றனர்.

காப்பதற்கு வழிகள் உண்டு. விதைத்த இரண்டாம் வாரம் முதல் இலைகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், தொடக்கத்திலேயே சுரங்கக் கோடுகள் புலப்படும். இரவு 8 மணி முதல் 11 மணி வரை தரைமட்டத்தில் விளக்குப்பொறி வைத்தால் அந்துப்பூச்சிகள் வந்து சிக்கும். அவற்றின் வரவையும் அறியலாம். நான்கு வரிசை கடலைக்கு ஒரு வரிசை கம்பு ஊடுபயிராக இடுமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. புழுக்களை அழிக்கும் சிறு குளவிகள் அவ்வயலில் பெருகும். சோயாமொச்சையும் இப்பூச்சிக்கு உணவாதலால், அதனைக் கடலைக்கு மாற்றுப்பயிராக இடுதல் கூடாது. கண்ட மருந்தைக் கண்டபடி தெளித்தால் நன்மை செய்யும் குளவிகளும் மடியும். எனவே, வேளாண்மை அலுவலரைக் கேட்ட பின்பே மருந்தடித்தல் நன்று.

இவற்றைக் கேட்ட பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அடுத்த பட்டத்துக்குப் பணத்தோடு இந்தச் செய்தியையும் அனுப்பிவிடுகிறேன்" என்றார். பிழைப்பின் பொருட்டு வெளி மாநிலங்களில் வாழும் நேயர்களே, ஊரில் உள்ள உங்கள் நிலத்துக்கும் பணத்தோடு இந்தச் செய்தியும் சென்று சேரட்டும்.