நிற்கிற நாளுக்கு யார் வாடகை?

வருமான வரிக் கணக்குக்குக் கெடு நெருங்கினால் போதும், நாமக்கல், சங்ககிரி பக்கமிருந்து கடிதங்கள் குவியும். ஒற்றை வண்டி வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதுகிறார்: "அதிக வாடகை வர்ற லோடாப் பார்த்துத்தான் ஏத்தினேன். வருஷக் கடைசியில கையில ஒண்ணும் நிக்கலை. ஆடிட்டரோ நாலு லட்சத்து இருபதாயிரம் சம்பாதிச்சதாச் சொல்றார். எது நிஜம்?"

ஆடிட்டரைப் பிறகு பார்ப்போம். முதலில் அந்த 'அதிக வாடகை'.

டீசல், டோல், பேட்டா, புக்கிங் ஆபீஸ் கமிஷன் கழிப்பதையெல்லாம் லாரிக்காரருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. நேராகக் கணக்குக்கு வருவோம் (எண்கள் விளக்கத்துக்காக நானே வைத்துக்கொண்டவை). டியூ, இன்ஷூரன்ஸ், காலாண்டு வரி, டிரைவர் சம்பளம் சேர்த்து, வண்டி ஓடினாலும் நின்றாலும் நாளுக்கு 3,000 ரூபாய் என்போம். சேலத்திலிருந்து குஜராத்துக்கு ஜவ்வரிசி லோடு: வழிச்செலவு போக 30,000 மிஞ்சும், ஆறு நாள் ஆகும். ஹைதராபாத் லோடு: 18,000 மிஞ்சும், மூன்று நாள். முதலாவதில் நாளுக்கு 5,000, இரண்டாவதில் 6,000. குஜராத்தில் இறக்க இரண்டு நாள் இழுத்தடித்தால் 3,750. பத்து நாள் ஆகிவிட்டால் 3,000. சரக்கைச் சும்மா சுமந்து கொடுத்த கணக்கு.

இதைப் பழைய டிரைவர்கள் விரல்விட்டே சொல்லிவிடுவார்கள். எனக்குப் பிடித்தது அடுத்த படி. லோடைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த 3,000-ஐ மறந்துவிட வேண்டும். எந்த லோடை ஏற்றினாலும் டியூ அதேதான். ஒரு நாளின் விலை, அந்த நாளில் வண்டி வேறு என்ன சம்பாதித்திருக்கும் என்பதில் இருக்கிறது.

குஜராத்தின் மோர்பியில் வண்டி காலியாக நிற்கிறது. இன்றே கிளம்பும் டைல்ஸ் லோடில் 20,000 மிஞ்சும். மூன்று நாள் காத்திருந்தால் 29,000. ஊரில் வேலை தயாராக இருந்து நாளுக்கு 6,000 வருமென்றால், 9,000-க்கு ஆசைப்பட்டு 18,000-ஐ விடுகிறீர்கள். ஊரிலும் லோடு இல்லை, வந்தால் ஸ்டாண்டில்தான் கிடக்கும் என்றால், அந்த மூன்று நாளுக்கு விலையே இல்லை. டிரைவரின் சாப்பாட்டுச் செலவைப் பார்த்துக்கொண்டு தாராளமாகக் காத்திருக்கலாம். வாடகை ஒன்றுதான். சீசன் மாறினால் முடிவு தலைகீழ்.

அனுபவசாலிகள் வாடகையைக் கேட்கும் முன்பே "அங்க ரிட்டர்ன் கிடைக்குமா?" என்று கேட்பது இதனால்தான். ஐயாயிரம் கூடக் கிடைக்கிறதே என்று லோடு இல்லாத ஊருக்குப் போனால், எம்டியாகத் திரும்பும் டீசலிலேயே அது கரைந்துவிடும்.

இந்தக் கணக்கைக் கெடுப்பது ஹால்டிங், அதாவது சரக்கை இறக்கக் காத்துக் கிடப்பது. அதற்கான கூலிக்கும் அதே பெயர்தான். சென்ற மாதம் கோவைப் பக்கம் ஒரு குடோன் வாசலில் நின்றிருந்தேன். முந்தின நாள் சாயங்காலமே டோக்கன் வாங்கிய டிரைவர், வண்டி நிழலில் அடுப்பை மூட்டி ரசம் வைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் இன்னும் பதினோரு வண்டி. "ஹால்டிங் கேட்டீங்களா?" என்றேன். "கேட்டா அடுத்த லோடு வேற வண்டிக்குப் போயிருங்க," என்றார், கரண்டியைக் கீழே வைக்காமலே. உள்ளே இடமில்லாத சரக்குக்கு அவருடைய லாரிதான் குடோன், அதுவும் வாடகையில்லாமல். நிறைய வண்டி வைத்திருப்பவர் பில் அனுப்பிப் பார்க்கலாம். ஒற்றை வண்டிக்காரர் யாரிடம் போய் நிற்பார்?

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து, எல்லையோர வணிகவரிச் சோதனைச்சாவடிகள் போனதும் லாரிகள் பறக்கும் என்றார்கள். எல்லையில் மிச்சம் பிடித்த நேரம் இந்த மாதிரி வாசல்களில் கரைகிறது. சரக்கோடு போகும் இ-வே பில்லும் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று கெடு வைக்கிறது. 2021க்கு முன்பு 100 கிலோமீட்டர். போய்ச் சேரும் தூரத்துக்குத்தான் அந்த அளவு. டோக்கன் வாங்கி நிற்கும் நாள் அதில் இல்லை.

இனி ஆடிட்டரின் 4,20,000. 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44ஏஇ பிரிவு சிறிய லாரிக்காரர்களுக்கான எளிய முறை என்கிறது துறை. பத்து சரக்கு வண்டிக்கு மேல் வைத்திராதவர்களுக்கு இது. மொத்த எடை 12 டன்னைத் தாண்டிய வண்டி என்றால், டன்னுக்கு மாதம் 1,000 ரூபாய் வருமானம் என்று சட்டமே வைத்துக்கொள்ளும். 35 டன் வண்டிக்கு மாதம் 35,000. ஓடியதா, பட்டறையில் கிடந்ததா என்ற கேள்வியே கிடையாது. உங்கள் பேரில் இருந்தால் போதும். மாதத்தில் ஒரு நாள் இருந்தாலும் முழு மாதம். நிற்கிற லாரியும் சம்பாதிக்கிறது என்று நம்ப வரித் துறையால்தான் முடியும்.

மற்றக் கேள்விகள் சுருக்கமாக.

டியூ வட்டியைத் தனியாகக் கழிக்கலாமா? இந்த முறையில் முடியாது. டீசல், தேய்மானம், வட்டி எல்லாம் கழித்தாயிற்று என்றே பொருள்.

வருமானத்தை இதைவிடக் குறைத்துக் காட்டலாமா? கணக்குப் புத்தகமும் தணிக்கையும் இருந்தால்.

சின்ன வண்டிக்கு? 12 டன் வரை, வண்டிக்கு மாதம் 7,500.

வழியில் இ-வே பில் காலாவதியானால்? முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்பிருந்து, முடிந்து எட்டு மணி நேரம் வரை நீட்டிக்கலாம்.

நின்ற நாளைக் கூடுதல் பாரம் ஏற்றி ஈடுகட்டலாமா? பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி 20,000 ரூபாய், அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. அதை இறக்கும்வரை வண்டி நகராது, இறக்குகூலியும் உங்களுடையது.