யந்திர வேலைக்கேற்ற ராட்செட்: நிலைத்தலையும் மடக்குத்தலையும்

ஏரும் கவலையும் மட்டுமே இருந்த காலத்தில் விவசாயக் கருவிகளைச் செப்பனிடும் பொறுப்பு ஊர்த் தச்சரையும் கொல்லரையும் சார்ந்திருந்தது. இப்போதோ டிராக்டர், பவர் டில்லர், ரோட்டவேட்டர், பம்புசெட்டு முதலிய யந்திரங்கள் கிராமங்களில் சாதாரணமாகிவிட்டன. இவற்றின் அங்கங்களெல்லாம் போல்ட்டாலும் நட்டாலுமே பிணைக்கப்பட்டிருக்கின்றன. நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நாளில் பம்பின் போல்ட்டு ஒன்று முறிந்து அதன் துண்டு உள்ளேயே தங்கிவிடுமாயின், அதைத் துளையிட்டு எடுக்கப் பட்டறையை நாட வேண்டும். பட்டறையில் கூலி கொடுத்துவிடலாம். அதற்குள் வாடிய நாற்றுக்கு ஈடு கொடுப்பார் யாருமில்லை. இவ்வித நஷ்டம் யந்திரத்தின் குறையால் மட்டுமன்றி, கழற்றிப் பூட்டும் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் உண்டாகும் பிழையாலும் நேர்கிறது. ஆகையால் இப்போது பெரிதும் விற்பனையாகும் ராட்செட் கைப்பிடிகளில் எவ்வகையை எவ்வேலைக்கு வாங்குவது என்பதை இங்கு விவரிப்போம்.

ராட்செட்டின் அமைப்பு

ராட்செட்டின் தலையினுள் ஒரு பற்சக்கரமும், அதன் பற்களில் விழுந்து பிடிக்கும் ஒரு நாக்கும் இருக்கின்றன. கைப்பிடியை ஒரு திசையில் இழுக்கும்போது நாக்குப் பற்களைப் பற்றிக்கொண்டு நட்டைச் சுழற்றும். மறு திசையில் தள்ளும்போது நாக்குப் பற்களின்மேல் வழுக்கி வரும். ஆதலின் சாக்கெட்டை நட்டிலிருந்து எடுக்காமலே வேலையைத் தொடரலாம். தலையிலுள்ள சிறு நெம்பை மாற்றினால், பூட்டும் கருவி கழற்றும் கருவியாகிவிடும்.

இது புதிய கற்பனையன்று. மாற்றிப் பொருத்தக்கூடிய சாக்கெட்டுகளையுடைய ராட்செட்டுக்கு அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்து உட்ஸ்டாக்கைச் சேர்ந்த ஜே. ஜே. ரிச்சர்ட்சன் 1863-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றார். 1920-இல் ஜோசப் ஜான்சன் என்பவர் 5 கைப்பிடிகளும் 10 சாக்கெட்டுகளும் சேர்ந்து 50 ஸ்பானர்களின் வேலையைச் செய்யும் என்று காட்டி வியாபாரம் தொடங்கினார். செலவைச் சுருக்க விரும்பும் விவசாயிக்கும் இதே கணக்குப் பொருந்தும். ஒரு நல்ல கைப்பிடி பல சாக்கெட்டுகளுக்குப் போதும்.

இருவகைத் தலைகள்

நிலைத்தலை ராட்செட்டில் தலையும் கைப்பிடியும் ஒரே எஃகாக வார்ந்தடிக்கப்பட்டவை. தலை ஒருபோதும் அசையாது. மடக்குத்தலை ராட்செட்டிலோ, கைப்பிடியின் நுனி கவை போலப் பிளந்திருக்கும். அதனிடையே தலை ஓர் அச்சாணியால் கீல் போலக் கோக்கப்பட்டிருக்கும். வேண்டிய கோணத்தில் தலையை மடக்கிக்கொண்டு கைப்பிடியைத் தடைகளுக்கு மேலாக உயர்த்தி இயக்கலாம். சிலவற்றில் கோணத்தைப் பூட்டி நிறுத்தும் பொத்தானும் உண்டு.

பார்த்தவுடன், மடக்குத்தலையே இரண்டு வேலைகளையும் செய்யவல்லது, ஆகவே அதையே வாங்கலாம் என்று தோன்றும். கடைக்காரரும் அப்படியே சொல்லக்கூடும். ஆயின் இது முழு உண்மையன்று என்பதைக் கீழ்க்கண்ட கணக்கு விளக்கும்.

மடக்குவதால் குறையும் பலம்

நட்டைத் திருப்பும் பலம், கையால் இழுக்கும் விசையையும், நட்டின் மையத்திலிருந்து கை உள்ள குறுக்குத் தூரத்தையும் பொறுத்தது. 25 செண்டிமீட்டர் நீளமுள்ள கைப்பிடியை நேராக வைத்து, 20 கிலோ எடைக்குச் சமமான விசையுடன் இழுத்தால், சுமார் 49 நியூட்டன் மீட்டர் திருப்பு பலம் கிடைக்கிறது. அதே கைப்பிடியை 30 பாகை மடக்கினால் சுமார் 42 ஆகவும், 45 பாகை மடக்கினால் சுமார் 35 ஆகவும், 60 பாகை மடக்கினால் பாதியாகவும் குறைந்துவிடும். தலைக்கும் கீலுக்கும் இடையேயுள்ள சிறு தூரத்தையும் சேர்த்தால் இவ்வெண்கள் சற்றுக் கூடுமேயன்றி உண்மை மாறாது. கோணத்தைப் பூட்டி நிறுத்தும் ரகத்திலும் இக்குறைவு உண்டு.

தலையில் 8.8 என்று குறியிட்ட, 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள போல்ட்டை எடுத்துக்கொள்வோம். பொதுவாக இதற்கு 45 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கம் தேவை. மேற்சொன்ன கைப்பிடியை நேராகப் பிடித்தால் இது சரியாக அமையும். 45 பாகை மடக்கி, கைக்கு அதே இறுக்கம் தெரியும்வரை இழுத்தால், போல்ட்டு சுமார் 30 சதவீதம் குறைவாகவே இறுகியிருக்கும். யந்திரத்தின் அதிர்ச்சியில் அது நாளடைவில் கழன்றுவிடும். இதை உணர்ந்து அதிக விசையுடன் இழுத்தாலோ வேறொரு தொல்லை உண்டாகிறது. உயர்ந்து நிற்கும் கைப்பிடி, நட்டைத் திருப்புவதுடன் சாக்கெட்டைப் பக்கவாட்டில் சாய்க்கவும் முயல்கிறது. சாக்கெட்டு வழுக்கினால் நட்டின் மூலைகள் மழுங்கும். இழுப்பவரின் விரல் முட்டிகளும் இரும்பில் மோதிக் காயமுறும்.

நிலைத்தலைக்கு உரிய வேலைகள்

இடம் தாராளமாகவும் இறுக்கம் அதிகமாகவும் உள்ள வேலைகள் அனைத்தும் நிலைத்தலைக்கு உரியவை. ஒன்பது கொத்துக் கலப்பையில் கொத்துக்கு இரண்டாக 18 நட்டுகளை மாற்ற வேண்டியிருந்தால், தனி ஸ்பானரைக் கொண்டு ஒவ்வொரு திருப்புக்கும் எடுத்து எடுத்து வைப்பது வீண் சிரமம். நிலைத்தலை ராட்செட்டைக் கொண்டு ஒரே மூச்சில் முடிக்கலாம். பம்பு பூட்டிய அடிச்சட்டம், டிராக்டரின் இணைப்புச் சட்டங்கள், ரோட்டவேட்டரின் கத்திகள், பக்கத் தகடுகள் ஆகியவையும் இவ்வகையே.

ஆழத்தில் அமைந்த நட்டுக்குக்கூட மடக்குத்தலை அவசியமென்பதில்லை. நிலைத்தலையுடன் ஓர் எக்ஸ்டென்ஷன் தண்டைச் சேர்த்தால் கைப்பிடி தடைக்கு மேலே வந்துவிடும்; நெம்பின் நீளமும் குறையாது. தண்டு நீளுந்தோறும் சாக்கெட்டுச் சாயக்கூடுமாதலால், மற்றொரு கையால் தண்டின் தலையை நட்டின் நேராகத் தாங்கிக்கொள்ளுதல் வேண்டும்.

மடக்குத்தலைக்கு உரிய வேலைகள்

எக்ஸ்டென்ஷன் தண்டை நுழைக்கவும் இடமின்றி, கைப்பிடியைப் படுக்கையாகச் சுழற்றவும் வழியின்றி இருக்கும் இடங்களே மடக்குத்தலையின் உரிய களம். எஞ்சினின் புகைக்குழாய்ப் பிணைப்பு, சுயமாக இயக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாரின் பின்புறப் போல்ட்டு, சுவரோரமாகப் பதித்த பம்பின் உட்பக்க நட்டுகள் ஆகியவற்றை உதாரணமாகச் சொல்லலாம். அங்கெல்லாம் 15 அல்லது 20 பாகை மடக்கினாலே பெரும்பாலும் வழி கிடைத்துவிடும்; பலக்குறைவும் அற்பமே. ஆகவே தடையைத் தாண்டுவதற்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும் மடக்குக.

தளர்ந்துவிட்ட நட்டை விரைவாகக் கழற்றுவதற்கும் இது உதவும். தலை 90 பாகை மடங்கும் ரகமாயின், கைப்பிடியைச் சாக்கெட்டுக்கு நேராக நிறுத்தித் திருப்புளியைப் போல் சுழற்றலாம்.

தலையா, பற்களா?

இடுக்கான இடத்தில் வேலை நடவாததற்கு இரு காரணங்கள் உண்டு. ஒன்று, கைப்பிடி ஏதேனும் அங்கத்தில் இடிப்பது. இதற்கு எக்ஸ்டென்ஷன் தண்டோ மடக்குத்தலையோ பரிகாரம். மற்றொன்று, கைப்பிடியை ஆட்டுவதற்கு அகலம் போதாமை. இதற்குத் தலை மடங்குவதால் அதிகப் பயனில்லை. பற்சக்கரத்தில் பற்கள் மிகுதியாக இருப்பதே பரிகாரம். 24 பற்களுள்ள ராட்செட்டு ஒரு பல் பிடிப்பதற்கு 15 பாகை ஆட வேண்டும். 36 பற்களாயின் 10 பாகை. 72 பற்களாயின் 5 பாகை போதும். 25 செண்டிமீட்டர்க் கைப்பிடியின் நுனியில் 15 பாகை என்பது சுமார் 6 1/2 செண்டிமீட்டர். 5 பாகை என்பது 2 செண்டிமீட்டருக்குச் சற்று அதிகம். ஆகையால் 72 பற்களையுடைய நிலைத்தலை ராட்செட்டொன்று, மடக்குத்தலை வேண்டுமென்று எண்ணும் பல சந்தர்ப்பங்களில் போதுமானதாகிவிடுகிறது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

ராட்செட்டின் சதுர முனை 1/4, 3/8, 1/2, 3/4 அங்குலம் என்னும் அளவுகளில் கிடைக்கிறது. பண்ணை வேலைக்கு முதலில் வாங்கத்தக்கது 1/2 அங்குல நிலைத்தலை ராட்செட்டு. கையில் மேலும் பணமிருந்தால் 3/8 அங்குல மடக்குத்தலையை இரண்டாவதாக வாங்கலாம். இடுக்கிலுள்ள போல்ட்டுகள் பெரும்பாலும் சிறியனவாதலால், சிறு தலையே அங்கு எளிதில் நுழையும். ஒன்று மட்டுமே வாங்க இயலுமாயின், நிலைத்தலையும் எக்ஸ்டென்ஷன் தண்டுமே போதும்.

மடக்குத்தலையை வாங்குமுன் கடையிலேயே மூன்று சோதனைகளைச் செய்க. கைப்பிடியைப் படுக்கையாகப் பிடித்துத் தலையைச் சாய்த்து வைத்தால் அது தானாகத் தொங்கிவிடலாகாது. தலையைப் பக்கவாட்டில் அசைத்தால் கீலில் ஆட்டம் இருத்தலாகாது. அச்சாணி தறைந்ததாக இல்லாமல், தளர்ந்தபோது இறுக்கிக்கொள்ளத்தக்க திருகாணியாக இருத்தல் நலம். இருவகைக்கும் பற்சக்கரமும் நாக்கும் தனியாக விற்பனைக்குக் கிடைக்குமா என்பதையும் விசாரித்துக்கொள்ளுதல் வேண்டும்.

செய்யத்தகாதவை

துருவேறி இறுகிய போல்ட்டை எவ்வகை ராட்செட்டினாலும் முதலில் அசைத்தல் கூடாது. துரு இளக்கும் எண்ணெயிட்டு ஊறவைத்து, ரிங் ஸ்பானராலோ ராட்செட்டில்லாத நீளக் கைப்பிடியாலோ முதல் பிடிப்பை விடுவித்த பின்னரே ராட்செட்டை எடுக்க வேண்டும். முழு விசையும் நாக்குப் பற்றியுள்ள சில பற்களின்மீதே விழுவதால், அவை உடைந்து கை திடீரென நழுவும்.

கைப்பிடியில் இரும்புக் குழாயைச் செருகி நீட்டுதல் பெருந்தவறு. நிலைத்தலையில் இதனால் பற்கள் போகும். மடக்குத்தலையில் பற்களுடன் அச்சாணியும் கவையும் வளையும். எஞ்சினின் தலைப் போல்ட்டுகளைப் போன்று அளவறிந்து இறுக்க வேண்டியவற்றை, யந்திரக் கைப்புத்தகத்தில் குறித்தபடி, அளவு காட்டும் டார்க் ரெஞ்சைக் கொண்டே முடிக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் மோட்டாரைத் தொடுமுன் பாட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிவிடுக. இடுக்கில் நுழைந்த ராட்செட்டு மின்முனையையும் எஞ்சினையும் ஒருங்கே தொட்டால் தீப்பொறி பறந்து கை வெந்துபோகும். மின்சாரப் பம்பில் வேலை செய்யுமுன் மெயின் சுவிச்சை நிறுத்திப் பியூஸ்களையும் எடுத்துவிடுதல் அவசியம்.

பராமரிப்பும் பொது உபயோகமும்

வேலை முடிந்ததும் சேற்றையும் மணலையும் துணியால் துடைத்து, நாக்கிலும் கீலிலும் சில துளி மெல்லிய எண்ணெய் விடுக. பற்கள் நுண்ணியவையாக உள்ள ராட்செட்டுக்கு மணல் பெரும் பகை. மடக்குத்தலையின் அச்சாணியைப் பருவத்துக்கு ஒருமுறையேனும் சோதித்து இறுக்குக.

கூட்டுறவுச் சங்கங்களுக்கும் ஊராட்சிகளுக்கும் பொதுக் கருவிப்பெட்டி வாங்கும் பொறுப்பிலுள்ள கிராம அதிகாரிகள், இரண்டு வகைகளையும் வைத்துக்கொள்வது நலம். ஆனால் பல கைகளில் புழங்கும் கருவி நயமாகக் கையாளப்படும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆதலின் எல்லோருக்கும் கொடுக்கும் பெட்டியில் நிலைத்தலையும் ரிங் ஸ்பானர்களும் இருக்கட்டும். மடக்குத்தலையை யந்திரம் பழகிய ஒருவர் பொறுப்பில் வைத்து, வேண்டும்போது வழங்குக.

பலம் வேண்டிய இடத்தில் நிலைத்தலையும், வழி வேண்டிய இடத்தில் மடக்குத்தலையும் என்று பிரித்தறிந்து உபயோகித்தால், போல்ட்டும் பிழைக்கும், கையும் பிழைக்கும். பருவத்தில் யந்திரம் நின்றுபோய்ப் பயிர் காத்திருக்கும் நிலையும் பெரும்பாலும் தவிர்க்கப்படும்.