நாற்பது வளைவும் ரெண்டாவது கியரும்

சனி, ஞாயிறு சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தால் போதும், "மச்சான், வால்பாறை போலாமா?" என்று ஹாஸ்டலில் ஒரு குரல் கிளம்பிவிடும். யாரோ ஒருத்தனுடைய மாமா கார், ரெண்டு மூணு பைக், பெட்ரோலுக்குப் பங்கு. பொள்ளாச்சியிலிருந்து சுமார் 64 கிலோமீட்டர்தான். ஆழியாறு வரைக்கும் தென்னந்தோப்பு. வனத்துறை செக்போஸ்ட்டைத் தாண்டினால் மலை ஆரம்பம். அப்புறம் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்ட பலகை. 9-ஆம் வளைவில் லோம்ஸ் வியூ என்ற இடத்தில் நின்றால் அணை முழுசும் காலடியில் கிடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் வரையாடு கண்ணில் படும். 2007-இல் அறிவிக்கப்பட்ட ஆனைமலைப் புலிகள் காப்பகம் இதையெல்லாம் ஒட்டித்தான் இருக்கிறது. இதற்கு மேல் வர்ணிக்க மாட்டேன். அதற்கு நம் மலரில் கவிதைப் பக்கம் இருக்கிறது!

நான் சொல்ல வந்தது, ஞாயிறு மதியம் திரும்பி இறங்குகிற கதை.

மலை ஏறும்போதுதான் வண்டிக்குக் கஷ்டம் என்று நினைக்கிறோம். ஏறும்போது கஷ்டப்படுவது இன்ஜின். இறங்கும்போது கஷ்டப்படுவது பிரேக். முதலாமாண்டு பிசிக்ஸை ஒரு நிமிஷம் ஞாபகப்படுத்துங்கள். ஐந்து பேரோடு காரின் எடை 1,500 கிலோ. இறக்கம் தோராயமாக 1,000 மீட்டர் என்று வையுங்கள். எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் கிட்டத்தட்ட 147 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கிற 50 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக இவ்வளவு சக்தி போதும். காற்றும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். மிச்சம் முழுவதையும் பிரேக் பெடலை மிதித்தே தீர்த்தால், உள்ளங்கை அகலம்கூட இல்லாத பேடுகள்தான் அதைச் சுமக்க வேண்டும்.

சூடு ஏறினால் ரெண்டு விதமாகக் காலை வாரும். ஒன்று, பேடில் உள்ள பிசின் வெந்து வாயு கிளம்பும். உராய்வு குறையும். பெடல் கல் மாதிரி கெட்டியாக இருக்கும், வண்டி மட்டும் நிற்காது. இன்னொன்று இதைவிட மோசம். பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி தாங்க வேண்டும் என்பது விதி. ஈரம் ஏறியபின் அந்த அளவு 140 ஆகிவிடுகிறது. கொதித்து ஆவிக் குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கித் தரைக்குப் போய்விடும். திரவத்தை அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கும். ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை.

அப்படியானால் அந்தச் சூட்டை வேறு எங்கே கொட்டுவது? இன்ஜினில்தான். பழைய பஸ் டிரைவர்கள் சொல்வார்களே, "ஏறுன கியர்லயே எறங்கு" என்று, அது வெறும் வாய்வார்த்தை இல்லை. செகண்டில் போட்டு ஆக்ஸிலரேட்டரை விட்டால், சக்கரம் இன்ஜினைச் சுற்ற வேண்டி வரும். பெட்ரோல் வண்டியில் திராட்டில் மூடியிருப்பதால் பிஸ்டன் வெற்றிடத்துக்கு எதிராக இழுக்கும். அந்த இழுவைதான் நமக்குப் பிரேக். டீசல் இன்ஜினில் பொதுவாகக் காற்றை அடைக்கும் வேலை இல்லாததால் இந்தப் பிடி குறைவு. பஸ், லாரிகளில் புகை போகும் வழியை அடைக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் வைப்பது அதனால்தான்.

"நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம்டா" என்று சொல்லும் புண்ணியவான் ஒவ்வொரு கேங்கிலும் உண்டு. கார்புரேட்டர் காலத்தில் அதில் துளி அர்த்தமாவது இருந்தது. இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில், கியரில் வைத்துக் காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் இன்ஜின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். அதாவது, உயிரையும் பணயம் வைத்து, பெட்ரோலையும் கூடுதலாகச் செலவழிக்கிறோம்! இன்ஜினையே அணைப்பவனிடம் என்ன பேசுவது? பூஸ்டர் உதவி ஓரிரு மிதியில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங் கனக்கும்.

பைக்காரர்களுக்கும் இதே பாடம்தான். கியரில்லா ஸ்கூட்டரில் மட்டும் இன்ஜின் பிடி சொற்பம். வேகம் குறைந்தால் உள்ளேயுள்ள கிளட்ச் விட்டுவிடும். ஆகவே அடிக்கடி நிறுத்தி நிறுத்தித்தான் இறங்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் எல் அல்லது மேனுவல் நிலை இருக்கும், கிளம்பும்முன் தேடி வையுங்கள். எலெக்ட்ரிக் வண்டி பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றியபடியே இறங்கும். ஆனால் மேலேயே பேட்டரியை முழுக்க நிரப்பிவிட்டால் அந்தச் சக்தி போக இடமிருக்காது, பிடியும் குறையும்.

பெடலை அழுத்தியே வைத்திருக்காதீர்கள். வளைவுக்கு முன்னால் அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். பேடு ஆற நேரம் கிடைக்கும். கருகின வாசனை வந்தாலோ பெடல் அமுங்கினாலோ இன்னும் ரெண்டு வளைவு பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. பெடலை வேகமாக நாலைந்து தடவை மிதியுங்கள். ஒவ்வொரு கியராகக் குறையுங்கள். கேபிளில் இயங்கும் ஹேண்ட்பிரேக்குக்குத் திரவம் கொதித்தது தெரியாது, மெதுவாக இழுங்கள். எதுவும் நடக்கவில்லை என்றால் பள்ளத்துப் பக்கம் வேண்டாம், மலைச்சுவரில் உரசுங்கள். பெயிண்ட் போனால் மாமா திட்டுவார், அவ்வளவுதான்.

குறுகலான இடத்தில் ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் வழிவிட வேண்டும். சட்டமே அப்படி. பாரத்தோடு ஏறும் வண்டி நின்றால் மறுபடி கிளம்புவது சிரமம். யானை நின்றால் யாருக்கு வழி என்று சொல்ல வேண்டியதில்லை. 2025 நவம்பரிலிருந்து வால்பாறைக்கு இ-பாஸ் முறையும் வந்திருக்கிறது, அதை முதலில் எடுத்துவிடுங்கள்.

கிளம்பும் முந்தின நாள் பேடு கனத்தையும், திரவம் மாற்றி எத்தனை நாளாச்சு என்பதையும் பாருங்கள். ரெண்டு வருஷம் தாண்டியிருந்தால் மாற்றிவிடுங்கள். நம் ஆட்டோமொபைல் செக்‌ஷன் பசங்களைக் கேட்டால் ஒரு டீக்கே செய்து தருவார்கள். வழியில் சூடானால் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், டிஸ்க் கோணிக்கொள்ளும், டிரம் விரிசல் விடும். அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்து, அரை மணி நேரம் நிறுத்துங்கள். அதுவரை கையிலிருக்கும் சிப்ஸைக் குரங்குக்குப் போடாமல் நீங்களே சாப்பிடுங்கள்.