நோய்த் தடுப்பும் நாணமும்

புனே நகரின் ரஸ்தா பேட்டையிலும் கட்கியிலும் தேகு ரோட்டிலும் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. பிம்ப்ரி, சிஞ்ச்வடு, போசரி ஆகிய தொழிற்பகுதிகளுக்கோ, மனைவி மக்களை ஊரில் விட்டுத் தனியே வந்து, ஓர் அறையில் நால்வர் ஐவராகத் தங்கி உழைக்கும் இளைஞர்கள் இன்றும் வந்தவண்ணம் இருக்கின்றனர். அந்தப் போசரியிலேதான் 1992-ஆம் ஆண்டில் தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. அதன் ஆராய்ச்சியாளர்கள் இந்நகரில் கண்டறிந்த செய்தியொன்றை முன்வைத்து, நால்வர் நடுவே பேசத் தயங்கும் ஒரு பொருளைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன்.

எச்.ஐ.வி. கிருமி நம் நாட்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டில், நம் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் இரத்தத்தைச் சோதித்து அதனை வெளிப்படுத்தினர். அது முதல், 'இந்நோய் அத்தகையோருக்கே உரியது. குடும்பத்தாரை அணுகாது' என்னும் எண்ணம் ஊரெங்கும் வேரூன்றிவிட்டது. புனே ஆராய்ச்சி அந்த எண்ணத்தைத் தகர்த்தது. 1993 முதல் 1996 வரை இந்நகரின் பால்வினை நோய் மருத்துவமனைகளுக்கு வந்த 916 பெண்கள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களுள் 391 பேர் பாலியல் தொழிலோடு எவ்விதத் தொடர்பும் இல்லாதவர்கள், பெரும்பாலோர் மணமானவர்கள். அவர்களிடையேயும் நூற்றுக்கு 13.6 பேர் எச்.ஐ.வி. தொற்றுக்கு ஆளாகியிருந்தனர். கணவனன்றி வேறொருவரை அறியாத பெண்ணுக்கு அக்கிருமி எவ்வழி வந்திருக்கும்? விடையை விளக்க வேண்டியதில்லை.

ஆணுறையை ஒவ்வொரு முறையும் தவறாது பயன்படுத்துவோரிடையே, ஆண் பெண் உறவினால் பரவும் தொற்று ஏறத்தாழ 80 விழுக்காடு குறைகிறது என ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. விலையும் அற்பம்; அரசு நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கிறது. இருந்தும் மக்கள் ஏன் தயங்குகின்றனர்? அறியாமையே காரணம் என்று கூறிவிடுவது எளிது. ஆனால் அறிந்தவர்களும் பயன்படுத்துவதில்லையே!

முதற்காரணம் பழைய வரலாற்றில் இருக்கிறது. 1968-இல் 'நிரோத்' நாடெங்கும் பரப்பப்பட்டபோது, தேயிலையும் சோப்பும் விற்ற நிறுவனங்களின் வாயிலாக அது பெட்டிக்கடை வரை சென்றது. நல்ல ஏற்பாடுதான். ஆயினும் அது குழந்தைப் பேற்றைத் தள்ளிப்போடும் சாதனமாகவே மக்கள் மனத்தில் பதிந்துவிட்டது. ஆகவே, குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்துகொண்ட வீட்டில் 'இனி அது எதற்கு?' என்கின்றனர். புதுமணப் பெண்ணோ, 'விசேஷம் ஒன்றும் இல்லையா?' என்று மாமியார் மாதந்தோறும் வினவும் நிலையில் அதனை நினைத்தும் பார்க்க இயலாது.

இரண்டாவது காரணம் இன்னும் கடினமானது. ஆறு மாதம் கழித்து ஊர் திரும்பும் கணவனிடம் மனைவி ஆணுறையைக் குறிப்பிட்டால், 'என்னைச் சந்தேகிக்கிறாயா?' என்பான் அவன். அவனே எடுத்தாலோ, தன் குற்றத்தைத் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அந்நியரிடம் அச்சத்தால் அணியும் உறையை, அன்பும் நம்பிக்கையும் உள்ள இடத்தில் கைவிடுகின்றனர். கிருமி அந்த நம்பிக்கையின் வழியாகவே இல்லத்துள் நுழைகிறது. இதனோடு மதுமயக்கமும் சேர்ந்தால், பகலில் செய்த தீர்மானம் இரவில் நிற்பதில்லை.

புத்வார் பேட்டைப் பெண்களின் நிலை வேறு. 'உறை வேண்டாம், கூடுதல் பணம் தருகிறேன்' என்பவனை ஒருத்தி மட்டும் மறுத்தால், அவன் அடுத்த வாயிலுக்குச் செல்வான், அவள் வீட்டில் அன்று அடுப்பு எரியாது. எல்லோரும் சேர்ந்து மறுத்தால் அவனுக்குப் போக்கிடமில்லை. கல்கத்தாவின் சோனாகாச்சியில் டாக்டர் ஸ்மரஜித் ஜானா 1992-இல் தொடங்கிய பணி, இவ்வாறு பெண்களை ஒன்றுதிரட்டியே பயன் கண்டது. தாய்லாந்து அரசு 1991-இல் நாடு முழுவதும் இதனையே விதியாக்கியது. உபதேசம் செய்யாததை ஒற்றுமை செய்தது எனலாம்.

பயன்படுத்தும் முறையிலும் சில பிழைகள் உண்டு. தேங்காய் எண்ணெய் பட்டால் ரப்பர் உறை நலிந்து கிழியும். பணப்பையில் பல மாதம் வைத்து வெயிலில் அலைந்தாலும் கெடும். உறையின்மேல் அச்சிட்ட தேதியைப் பார்த்தல் வேண்டும்.

தன் நிலையை அறிய விரும்புவோர்க்கு ஸஸூன் மருத்துவமனை முதலிய அரசு மருத்துவமனைகளில் பரிசோதனை இலவசம். 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவருடைய இசைவின்றிச் சோதித்தலும், முடிவைப் பிறருக்கு வெளியிடுதலும் பொதுவாகக் கூடா. தொற்று உறுதியானால் மருந்தும் இலவசம். அதனை நாள்தோறும் உண்டு, இரத்தத்தில் கிருமி கண்டறிய இயலாத அளவுக்குக் குறைந்த நிலையைக் காத்து வருவோரிடமிருந்து உறவின் வழியே நோய் பரவுவதில்லை. ஐயங்களைக் கேட்க 1097 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் உள்ளது. பெயர் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஊருக்குப் புறப்படும் முன்னரே சோதித்துக்கொண்டால், வீட்டில் பேசவேண்டிய பேச்சும் சற்று எளிதாகும்.